மங்கம்மாள் ஏன் சாலை போட்டார்?

ராணி மங்கம்மாளைப் பற்றி எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் ஒரு வெற்றிலைக் கதை வரும். ஏதோ யோசனையில் இருந்தவர் இடது கையால் வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாராம். அது பெரிய தோஷமாம். அதற்குப் பரிகாரமாகத்தான் ஊர் ஊராகச் சாலை போட்டாராம், இரண்டு பக்கமும் மரம் வைத்தாராம், சத்திரம் கட்டினாராம், கிணறு வெட்டினாராம். மதுரையிலிருந்து திருநெல்வேலிச் சீமை வழியாகத் தெற்கே போகிற பழைய பாதையை மங்கம்மாள் சாலை என்று சொல்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாலையைச் சொன்ன வாயோடு அவர்கள் வெற்றிலையையும் சொல்லிவிடுவார்கள்.

எனக்கு இந்தக் கதை பிடிக்கவே பிடிக்காது. அவருடைய கணவரின் தாத்தா திருமலை நாயக்கர் மதுரையில் அவ்வளவு பெரிய மகாலைக் கட்டினார். என்ன பாவம் பண்ணினார், எந்தக் கையால் எதைத் தின்றார் என்று யாராவது கேட்டார்களா? ராஜா, கட்டினார், அவ்வளவுதான். மங்கம்மாள் கட்டினால் மட்டும் காரணம் ஒன்று வேண்டியிருக்கிறது, அதுவும் அவரைக் கொஞ்சம் தலைகுனிய வைக்கிற காரணமாக இருக்க வேண்டியிருக்கிறது.

அவர் இருந்த நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1689-ல் மகன் பெரியம்மை கண்டு இறந்துபோகிறார். மருமகள் பிள்ளையைப் பெற்ற கையோடு உயிரை விட்டுவிடுகிறார். கைக்குழந்தையான பேரனுக்குப் பட்டம் சூட்டி, அவன் பெயரில் இவர் ஆளத் தொடங்குகிறார், பதினைந்து வருஷம் ஆளுகிறார். அவுரங்கசீப்பின் படை செஞ்சிக் கோட்டையைச் சுற்றி வளைத்து உட்கார்ந்திருந்த காலம் அது. அவர்களோடு சண்டைக்குப் போகாமல் பரிசும் பணமும் கொடுத்துச் சமாளிக்கிறார். திருவிதாங்கூர் கப்பத்தை நிறுத்தியபோது படையை அனுப்பி வாங்குகிறார். தஞ்சாவூரோடு மோதுகிறார், அப்புறம் மைசூர்க்காரர்கள் காவிரியை மறித்தபோது அதே தஞ்சாவூரோடு கை கோத்துக்கொள்கிறார். எங்கே பணிய வேண்டும், எங்கே அடிக்க வேண்டும் என்று இவ்வளவு கணக்குத் தெரிந்த ஒருவருக்கு, சாலை போட்டால் படை போகும், பொதிமாடு போகும், சரக்கு நகரும், வரி வரும், பேர் நிற்கும் என்பது தெரியாமலா இருந்திருக்கும்? சாலை வேண்டும் என்று நினைத்தார், போட்டார். நான் அப்படித்தான் நம்புகிறேன்.

கடைசிக் காலத்தைப் பற்றியும் ஒரு கதை உண்டு. பேரன் வளர்ந்த பிறகும் அதிகாரத்தை விட மனசில்லாமல் இருந்தார் என்றும், மந்திரி ஒருவரோடு சேர்த்துப் பேசினார்கள் என்றும், அரண்மனையில் அடைத்துவைத்து, சாப்பாட்டைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துப் பட்டினி போட்டே கொன்றார்கள் என்றும். நடந்ததோ இல்லையோ, இந்தக் கதையை நம் வீடுகளில் எந்தக் குரலில் சொல்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? பார்த்துக்கோ, பொம்பளைக்கு ஆசை கூடினால் இதுதான் கதி என்கிற குரல்.

பேர் வாங்கின பெண்களின் கதையைச் சொல்லும்போது, அவர்களுக்கு இருந்த ஆசையையும் கர்வத்தையும் நாம் மெதுவாக உருவி எடுத்துவிடுகிறோம். அந்த ஓட்டையில் பரிகாரம், பக்தி, தியாகம், சேவை என்று கையில் கிடைத்ததை வைத்து அடைத்துவிடுகிறோம். அப்புறம் அந்தக் கதையையே நம் பெண் பிள்ளைகளுக்குப் பாடமாகவும் சொல்லிக்கொடுக்கிறோம். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாகவே மனசில் இருந்தது.

பாளையங்கோட்டையில் இருக்கிறவர்களுக்குப் பாப்பாத்தியம்மாள் கோவில் தெரியும். ஊசிக் கோபுரத்தைப் பார்த்துப் பெரிய ஆலயங்களுக்குப் போகிற கூட்டம் இங்கே வராது. சின்னக் கிறிஸ்தவக் கோவில். குளோரிந்தா கட்டினது, 1785-ல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் வந்து பிரதிஷ்டை பண்ணினது. குளோரிந்தா தஞ்சாவூர்ப் பக்கத்து மராத்திப் பிராமண விதவை. கோகிலா என்பது பழைய பெயர் என்று சொல்வார்கள். உடன்கட்டை ஏற இருந்தவரை லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி காப்பாற்றிக் கூட்டிக்கொண்டு போனார் என்பது ஊரில் வழங்குகிற கதை. அவரோடு வாழ்ந்தார், அவர் பாளையங்கோட்டைக்கு மாற்றலாகி வந்தபோது கூடவே வந்தார். ஞானஸ்நானம் வேண்டும் என்று சுவார்ட்ஸிடம் கேட்டபோது, கல்யாணம் ஆகாமல் ஒருவரோடு வாழ்கிறாய், தர முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778-ல் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபோது மறுபடியும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஒரு நிமிஷம் இங்கே நில்லுங்கள். பிறந்த சாதி தள்ளிவைத்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் அவரைச் சரிசமமாக நடத்தியிருக்கப் போவதில்லை. சேர வேண்டும் என்று ஆசைப்பட்ட சபையும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிவிட்டது. கூட இருந்தவரும் போய்விட்டார். இந்த நிலைமையில் ஒரு பெண் என்ன செய்வாள் என்று நாம் எதிர்பார்ப்போம்? கிடைத்ததே போதும் என்று ஒரு மூலையில் இருந்துவிடுவாள் என்றுதானே? இவர் சபை ஒன்றைக் கட்டினார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். எல்லாச் சாதிக்காரரும் தண்ணீர் எடுக்கட்டும் என்று கிணறு வெட்டினார், அந்தக் கிணற்றுக்கும் பாப்பாத்தியம்மாள் கிணறு என்றே பேர். சபையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று தஞ்சாவூருக்கே போய்க் கேட்டார் என்று சொல்கிறார்கள். இங்கிருந்து தஞ்சாவூர் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். ரயிலும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது 1780-ல் எழுதின அந்தச் சபைப் பதிவேடுதான். மொத்தம் 40 பேர், பல சாதிகளிலிருந்து வந்தவர்கள். முதல் பெயர் குளோரிந்தா. அதுவும் வெறும் குளோரிந்தா இல்லை, ராச குளோரிந்தா. கடைசி வரியில் ஒதுங்கி நின்றுகொண்டு, அடியாள், பாவி என்று எழுதிக்கொள்ளவில்லை. முதல் வரியில், ராச என்கிற பட்டத்தோடு. அந்த வரியை யார் பேனா எழுதியிருந்தாலும் சரி, அந்த அம்மா சம்மதிக்காமல் அந்த இடத்தில் அந்தப் பேர் வந்திருக்காது.

ஆனால் கோவிலில் சொல்கிற கதையில் அவர் எப்போதும் கண்ணீரோடு மனந்திரும்பின பெண். லிட்டில்டன் காட்டின அன்புக்கு நன்றிக்கடனாக விசுவாசத்துக்கு வந்தவர், பழைய வாழ்க்கைக்கு ஈடாகத் தர்மம் செய்தவர். மறுபடியும் பரிகாரம். வெற்றிலைக்குப் பதில் லிட்டில்டன், அவ்வளவுதான் வித்தியாசம். விசுவாசம் இருந்தது, நான் மறுக்கவே இல்லை. அந்த விசுவாசத்தோடு, என்னை வெளியே நிறுத்தினீர்களே, இப்போது நான் கட்டின வீட்டுக்குள் நீங்கள் வாருங்கள் என்கிற வைராக்கியமும் இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த வைராக்கியம் அவருக்கு அழகாகத்தான் இருக்கிறது.

ஆண்டாளை எடுத்துக்கொள்ளுங்கள். (ஸ்ரீவில்லிபுத்தூர் 1910 வரை திருநெல்வேலி ஜில்லாதான், அதனால் உரிமையோடு சொல்கிறேன்.) மனுஷனுக்குக் கட்டிக்கொடுக்கிற பேச்சை எடுத்தாலே உயிரோடு இருக்க மாட்டேன் என்று பாடின பெண். மாப்பிள்ளை பெருமாள்தான், வேறு யாரும் எனக்குக் குறைந்தவர்கள். இதைவிட உயரமாக ஆசைப்பட ஒருவரால் முடியுமா? பாட்டு முடிகிற இடத்தில் இதைச் சொன்னது பட்டர்பிரான் மகள் கோதை என்று தன் பேரையும் போட்டுவிடுகிறார். ஆழ்வார்கள் பலரும் அப்படித்தான் போட்டார்கள். அந்த வரிசையில் ஒரு பெண்ணும் கூசாமல் போட்டாள் என்பதுதான் விஷயம். மார்கழி பூராவும் ஆண்டாளின் திருப்பாவையைப் பாடுகிற வீட்டிலேயே, பொண்ணு பார்க்க வருகிற அன்றைக்குத் தலையைக் குனிந்து உட்காரச் சொல்கிறார்கள்.

போன கோடையில் எங்கள் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. என் மதினியின் மகள் பிளஸ் ஒன் முடித்திருந்தாள். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்கிற மாதிரி, என்னம்மா படிக்கப் போறே என்று கேட்டார். அவள் சொதியைப் பிசைந்துகொண்டே, சட்டம் படிப்பேன் தாத்தா, ஐகோர்ட் ஜட்ஜ் ஆவேன் என்றாள். ஆகணும்னு ஆசை என்று சொல்லவில்லை, கடவுள் சித்தம் இருந்தால் என்று சொல்லவில்லை. ஆவேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த வாயை எடுத்தார். ஆனால் எதிர்ப்பந்தியில் இருந்த அவளுடைய ஆச்சிக்குப் பொறுக்கவில்லை. "ஏளா, அடக்கமாப் பேசு. நாலு பேரு இருக்காவல்லா" என்றார். சுற்றியிருந்த பெண்கள் ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். இப்பவே இவ்வளவு எடுப்பு, நாளைக்குப் போற வீட்டுல எப்படி இருப்பாளோ, மண்டகனம் பிடிச்சவளை எவன் கட்டுவான். இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, அந்தப் பிள்ளை மேல் உயிரையே வைத்திருக்கிறவர்கள். அதே பந்தியில் அவள் வயசுப் பையன் ஒருவன், நான் ஐபிஎஸ் ஆகி இந்த ஊர் ரவுடிப் பயல்களை எல்லாம் உள்ளே தள்ளுவேன் என்றான். சிங்கக்குட்டி என்று சொல்லி அவன் இலையில் இன்னொரு அப்பளம் வைத்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் மொட்டை மாடியில் வைத்து அவளுக்கு அன்னா சாண்டியைப் பற்றிச் சொன்னேன். செங்கோட்டையும் சேர்ந்து திருவிதாங்கூராக இருந்த காலத்தில் அந்தச் சமஸ்தானத்தில் வக்கீலாக இருந்தவர். 1931-ல் அங்கே சட்டசபை மாதிரி இருந்த ஸ்ரீமூலம் பிரஜா சபைக்குப் போட்டியிட்டார். அவரைப் பற்றி அசிங்க அசிங்கமாக எழுதிச் சுவர்களில் ஒட்டினார்கள். தோற்றார். வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தாரா? அடுத்த வருஷமே மறுபடியும் நின்று ஜெயித்தார். 1937-ல் முன்சீப் ஆனார். இந்தியாவிலேயே முதல் பெண் நீதிபதி. 1959-ல் கேரள ஐகோர்ட் நீதிபதி. கல்யாணமான பெண்களுக்குச் சர்க்கார் வேலை எதற்கு என்று பெரிய மனிதர் ஒருவர் பேசப் போகிறார் என்று கேள்விப்பட்டு, திருவனந்தபுரத்தில் அந்தக் கூட்டத்துக்கே போய் மேடையேறிப் பதில் சொன்னவர். பத்தனம்திட்டாவில் ஒரு தகப்பனார் இந்த அன்னா சாண்டியைப் பார்த்துவிட்டுத்தான் தன் மகளைச் சட்டம் படிக்கச் சொன்னார். அந்த மகள்தான் பாத்திமா பீவி, 1989-ல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி, பின்னால் நம் மாநிலத்துக்கே கவர்னராக வந்தவர். அன்னா சாண்டி அடக்கமாக இருந்திருந்தால் அந்தத் தகப்பனார் யாரைப் பார்த்திருப்பார்? ஒரு பெண் தன் ஆசையை வாய்விட்டுச் சொல்வதால் அவளுக்கு மட்டுமா நன்மை? அதைக் கேட்டுக்கொண்டிருக்கிற இன்னொரு வீட்டுக்கும் அது போய்ச் சேருகிறது.

சரி, இதற்கு நேர் எதிராக ஒருவரைச் சொல்ல வேண்டும். அவரைச் சொல்லாமல் விட்டால் நான் சொல்வது முழுசாகாது.

களக்காட்டுக்குப் பக்கத்தில் டோனாவூர். ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் ஊர் என்றே சொல்லலாம். 1867-ல் அயர்லாந்தில் பிறந்தவர், 1895-ல் மிஷனரியாக இந்தியாவுக்கு வந்தார், 1951 ஜனவரியில் இங்கேயே இறந்தார், நடுவில் ஒரு தடவைகூடச் சொந்த ஊருக்குப் போகவில்லை. 1901-ல் பண்ணைவிளையில் அவர் தங்கியிருந்த இடத்துக்கு, கோவிலுக்குப் பொட்டுக்கட்டித் தேவதாசியாக்க வைத்திருந்த இடத்திலிருந்து தப்பித்து ஒரு சின்னப் பிள்ளை ஓடி வந்தாள். அந்த ஒரு பிள்ளையில் ஆரம்பித்தது, நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வளர்கிற வீடாக ஆயிற்று. 1931-ல் குழியில் விழுந்து கால் ஒடிந்தது, சாகிற வரைக்கும் ஏறக்குறைய இருபது வருஷம் அறையை விட்டு வெளியே வர முடியவில்லை. படுத்துக்கொண்டே எழுதினார், படுத்துக்கொண்டே அவ்வளவு பெரிய நிறுவனத்தையும் நடத்தினார்.

அடக்கத்துக்கு உதாரணமாகத்தான் எல்லோரும் அவரைச் சொல்வார்கள். 1919-ல் சர்க்கார் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் கொடுத்தபோது வேண்டாமே என்று கவர்னருக்கு எழுதினார். வற்புறுத்தினதால் ஒத்துக்கொண்டாலும் விழாவுக்குப் போகவில்லை. கல்லறையில் கல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுச் செத்தார். டோனாவூரில் அவரைப் புதைத்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்கிற ஒரு கல்தொட்டிதான் இருக்கிறது, அதில் அம்மாய் என்ற ஒரே சொல்.

இதையெல்லாம் நானும் மதிக்கிறேன். ஆனால் அந்த அம்மாவுக்கு ஆசையே இல்லை என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். இங்கே பார்த்ததைப் பார்த்தபடி எழுதி இங்கிலாந்துக்கு அனுப்பினார். படிக்கிறவர்களுக்கு மனசு சோர்ந்துவிடும், கொஞ்சம் நம்பிக்கையாக மாற்றி எழுதுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது என்று இருந்து, அப்படியே 1903-ல் அச்சில் வரவைத்தார். தன்னை அனுப்பின சங்கத்தின் கட்டுப்பாட்டிலிருந்தே பிறகு விலகி, 1927-ல் டோனாவூர் ஐக்கியத்தைத் தனியாகப் பதிவு செய்துகொண்டார். ஆண்கள், பெண்கள், டாக்டர்கள், படித்த வெள்ளைக்காரர்கள் எல்லோரும் அவர் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடந்த இடம் அது. நான் சொல்வதுதான் சரி என்கிற உறுதி எலும்பு வரைக்கும் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். அதற்குப் பேர் என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், அடக்கம் என்று மட்டும் வைக்காதீர்கள். பதக்கத்தை வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு பெரிய கர்வம் வேண்டும், நீ யார் எனக்குப் பதக்கம் கொடுக்க என்கிற கர்வம். எனக்கு அந்த ஏமியைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

அவரோடு இருந்த பொன்னம்மாளைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? இளம் வயதிலேயே விதவையாகி மாமனார் வீட்டில் அடைந்து கிடந்தவர். வெளியே வந்து, நெய்யூரில் கைக்குழந்தைகள் வளர்ந்த விடுதியைத் தனி ஆளாகப் பொறுப்பெடுத்து நடத்தினார். 1915-ல் புற்றுநோயில் இறந்துபோனார். பேரே வேண்டாம் என்று சொல்வதற்கும் முதலில் ஒரு பேர் இருக்க வேண்டும் அல்லவா? ஏமி வேண்டாம் என்றதால் அவர் பேர் இன்னும் கூடத்தான் பரவியது. பொன்னம்மாள் மாதிரிப் பெண்களுக்கு வேண்டாம் என்று சொல்லக்கூட வாய்ப்பு வரவில்லை.

நான் படித்தது சாராள் டக்கர் கல்லூரியில். சாராள் டக்கர் இந்தியாவுக்கே வராதவர், உடம்பு முடியாமல் இங்கிலாந்தில் இருந்துகொண்டே, சென்னையிலிருந்த சகோதரர் எழுதின கடிதங்களைப் படித்துப் படித்து, இங்கே இருக்கிற பெண் பிள்ளைகளின் படிப்புக்காகப் பாடுபட்டவர். வாழ்க்கையில் பார்க்கவே போகாத ஒரு ஊரை மாற்றிவிட முடியும் என்று நம்பினது எவ்வளவு பெரிய நினைப்பு! ஆஸ்க்வித் அம்மையார் 1890-ல் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினதும், ஸ்வெயின்சன் அம்மையார் 1897-ல் காது கேளாதோர் பள்ளியைத் தொடங்கினதும் இதே பாளையங்கோட்டையில்தான். இவர்களைப் பற்றித் தனியாகவே எழுதுகிறேன், இதில் அடங்காது.

செல்லம்மாளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கடையத்துப் பெண், பாரதியின் மனைவி. அவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது என்ன? கடன் வாங்கி வந்த அரிசியைக் கணவர் குருவிகளுக்கு இறைத்துவிட, கையைப் பிசைந்துகொண்டு நின்ற மனைவி. பாவம், பொறுமைசாலி. இதோடு முடித்துக்கொள்வோம். 1921-ல் பாரதி இறந்தபோது அவர் பேர் இன்றைக்கு இருக்கிற மாதிரி இருக்கவில்லை. எழுதினதெல்லாம் பத்திரிகையிலும் காகிதக் கட்டிலும் சிதறிக் கிடந்தது. கையில் காசு இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். அந்த நேரத்தில் சென்னையில் பாரதி ஆச்சிரமம் என்று ஒன்றைத் தொடங்கி, 1922-ல் பாட்டுகளைப் புத்தகமாகக் கொண்டுவந்தது யார்? இந்தப் பொறுமைசாலிதான், சகோதரர் அப்பாத்துரையின் துணையோடு. இவர் பாட்டு நிற்கும், நிற்க வைப்பேன் என்று நினைத்திருக்கிறார். அப்புறம் கணவருடைய வாழ்க்கையை அவர் சொல்லச் சொல்ல எழுதிப் புத்தகமாக வந்தது, 1951-ல் திருச்சி வானொலியில் கணவரைப் பற்றி அவரே பேசினார். பதிப்பாளர், வரலாறு சொன்னவர், வானொலியில் பேசினவர் என்று யாராவது அவரை அறிமுகம் செய்து கேட்டிருக்கிறீர்களா? கடையத்தில் 2022-ல் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சிலை வைத்தார்கள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அங்கே வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாத்தியார்கள் சொல்வது குருவி கதையைத்தான். 1922-ல் வந்த புத்தகத்தையும் சேர்த்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

செங்கோட்டைக்காரர் நிகர் ஷாஜியைச் சமீபத்தில் எல்லோரும் கொண்டாடினோம். சூரியனை ஆராய இஸ்ரோ அனுப்பின ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநராக இருந்தவர். அந்த விண்கலம் 2023 செப்டம்பர் 2-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளியிருக்கிற இடத்துக்கு 2024 ஜனவரி 6-ல் போய்ச் சேர்ந்தது. ஊரில் வெடி போட்டார்கள், வாட்ஸாப்பில் ஒரே படம்தான். விவசாயி மகள், எளிமையானவர், தமிழச்சி. எல்லாம் சரி. அப்பா கணக்குப் படித்துவிட்டு விவசாயம் பார்த்தவர், அதுவும் சரி. ஆனால் அந்த அம்மா திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, ராஞ்சி வரை போய் மேல்படிப்பு முடித்து, 1987-ல் இஸ்ரோவில் சேர்ந்தவர். 1980-களில் செங்கோட்டையில் ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பெண் பிள்ளை தனியாக ராஞ்சிக்குப் போய்ப் படிப்பது என்றால் என்ன என்று அந்தக் காலத்து ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். 1987-லிருந்து 2023 வரை 36 வருஷம். அத்தனை வருஷமும் ஒரு வேலையை விடாமல் பிடித்துக்கொண்டு, படிப்படியாக ஏறி, ஒரு திட்டத்தையே தலைமை தாங்குகிற இடத்துக்கு எளிமை மட்டுமா கொண்டுபோய்விடும்? ஏற வேண்டும் என்கிற எண்ணம் இல்லாமல் யாரும் ஏறுவதில்லை. எளிமையை எழுதின பத்திரிகைக்காரர்கள் அந்த எண்ணத்தைப் பற்றியும் இரண்டு வரி எழுதியிருக்கலாம், செங்கோட்டை எஸ்.ஆர்.எம். பெண்கள் பள்ளியில் இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு அதுதான் ரொம்பத் தேவை.

பேர் போடுவது என்றதும் பத்தமடையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பட்டுப்பாய்க்குப் பேர் போன ஊர், 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பொண்ணு பேரைப் பாயோடு பாயாக நெய்து கொடுப்பார்கள். இங்கிலாந்து எலிசபெத் ராணிக்குக்கூட இங்கிருந்து பாய் போயிருக்கிறது. கோரையை ஆற்றுத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, நார் நாராகக் கிழித்து, சாயம் ஏற்றி, பருத்தி நூல் பாவில் ஒவ்வொன்றாகக் கோத்து அடிக்க வேண்டும். நல்ல பட்டுப்பாயைத் துணி மாதிரி மடித்துவிடலாம். இதை நெய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள், வீட்டுக்குள் தரையோடு தரையாக இருக்கிற தறியில், முதுகை வளைத்துக்கொண்டு.

மதினி மகளுக்கு ஒரு பாய் சொல்லலாம் என்று அங்கே ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த அக்காவுக்கு அறுபது வயசுக்கு மேல் இருக்கும். தறியில் பாதி ஓடியிருந்த பாயை நான் தடவிப் பார்த்ததும், அங்கே தொடாதீங்க, இங்கே தொட்டுப் பாருங்க என்று கையைப் பிடித்து நகர்த்தினார். நான் தொட்ட இடம் மருமகள் நெய்ததாம், நகர்த்தின இடம் அவர் நெய்தது. என் விரலுக்கு இரண்டும் ஒன்றுதான். "தெரியலையா? அவ கோரையை இறுக்கத் தெரியாம இறுக்குதா. என் கை போன இடத்துல வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சாலும் ஒரு கண்ணு தெரியாது" என்றார். பாயைத் தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தும் காட்டினார். மருமகள் அடுப்படியிலிருந்து, இன்னும் ரெண்டு வருஷம் பொறுங்க மாமி, உங்களை முந்துதேன் என்று சத்தம் கொடுத்தாள். மாமியார் வாய்விட்டுச் சிரித்தார். முந்து பார்ப்போம் என்றார்.

பாயில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டார். கல்யாணப் பாய் இல்லையே, அதனால் பிள்ளை பேர் மட்டும் போதும் என்றேன். அப்புறம் மனசு கேட்காமல், ஓரத்தில் உங்கள் பேரையும் போடுங்களேன் அக்கா என்றேன். இத்தனை வருஷத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லையாம். கொஞ்ச நேரம் கோரையைக் கிழித்துக்கொண்டே இருந்தார். எழுத்து நெய்தால் கூலி கூடும், அதையும் சேர்த்தே தருகிறேன் என்று நான் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். "பிள்ளை பேருக்கு எழுத்துக்கு எழுத்து கூலி உண்டு. என் பேருக்கு நான் எதுக்குக் கூலி வாங்கணும்?" என்றார். இன்னீசியலும் சேர்த்துத்தான் போடுவாராம். வேலை ஐப்பசி மழைக்குள் முடியாது, வெயில் வந்து சாயம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் தருவேன், அவசரப்படுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.